தானே மடங்கும் கட்டில் வழக்கு

கட்டில் மடங்கிய நேரத்தில் கண்டக்டர் பேருந்தின் பின்படிக்கட்டில் நின்று, "உள்ளே போங்க, உள்ளே போங்க" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். வீட்டில் அவர் மனைவி, தைத்து முடித்த பள்ளிச் சீருடைகளை ஓரமாக அடுக்கிவைத்துவிட்டு, இடுப்பு கடுக்கிறதே என்று கொஞ்சம் சாய்ந்தாள்.

அது சுவரில் பொருத்திய கட்டில். ஒரே அறை வீடு. தையல் மிஷினும் அடுப்பும் அலமாரியும் போக மிச்சமிருந்த இடத்தில் இரண்டு பேர் நிற்கலாம், படுக்க முடியாது. பகலில் சுவரோடு சுவராக ஒட்டி நிற்கும், படுக்கும் நேரத்தில் கீழே இறங்கும் என்று விளம்பரத்தில் பார்த்து ஆசை ஆசையாக வாங்கியிருந்தார்கள். பொத்தானை அழுத்தினால் போதும், எல்லாவற்றையும் தானே செய்துகொள்ளும்.

அன்று யாரும் பொத்தானை அழுத்தவில்லை. ஆனாலும் கட்டில் மடங்கியது, மனைவியை உள்ளே வைத்து.

அவள் போட்ட சத்தம் மெத்தைக்குள்ளேயே அமுங்கிப் போனது. மாடிவீட்டு வெல்டர் தற்செயலாக இறங்கி வந்தவர், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, கடப்பாரையை எடுத்துவந்து நெம்பினார். கட்டில் பாதிதான் திறந்தது. அதற்குமேல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அந்த இடைவெளி வழியாக அவளை இழுத்து எடுத்தார். உயிர் தப்பியது. இடுப்பெலும்பு மட்டும் முறிந்து ஒட்டாமல் போனது, இடதுகால் முழங்காலுக்குக் கீழே மரத்துப் போனது. மிஷினை மிதித்த கால் அது.

கண்டக்டர் கோபப்படத் தெரியாத மனிதர். பேருந்தில் யாராவது சட்டையைப் பிடித்தால்கூட, முதலில் பட்டன் அறுந்துவிடாமல் பார்த்துக்கொள்வார். கட்டில் கம்பெனிக்குப் போனபோதும், பக்கத்து நாற்காலிக்காரருக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாதே என்று கையை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். வாடிக்கையாளர் குறைதீர்க்கும் அதிகாரி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு விளம்பரத்தாளை எடுத்து அவர் முன்னால் விரித்தார்.

"இங்க என்ன போட்டிருக்கு, படிங்க."

"தானே மடங்கும் கட்டில்."

"என்ன ஆச்சு உங்க வீட்டுல?"

"தானே மடங்கிடுச்சுங்க."

"அப்போ சொன்னதைச் செஞ்சிருக்கு. இதுல குறை எங்க இருக்கு?" அதிகாரியின் முகத்தில் உண்மையான குழப்பம் தெரிந்தது. "மடங்காம இருந்தா வாங்க, உடனே ஆளனுப்புறேன்."

கண்டக்டர் வெளியே வந்து, படியில் கொஞ்சநேரம் நின்றார். அதிகாரி சொன்னதில் எங்கே தப்பு என்று யோசித்துப் பார்த்தார். பிடிபடவில்லை. எங்கேயோ இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது.

வழக்குப் போடச் சொன்னது மச்சினன். கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் அவனுக்கு வேலை. நாள் முழுவதும் வழக்குக் கட்டுகளை நகலெடுத்து நகலெடுத்து, சட்டம் தன் கைக்குள் இருக்கிறது என்ற நினைப்பு அவனுக்கு வந்திருந்தது.

"விடாதீங்க மாமா. அக்கா காலுக்கு யாராவது ஒருத்தன் பதில் சொல்லணும். எனக்குத் தெரிஞ்ச வக்கீல் இருக்காரு. நம்ம கடையிலதான் நகல் எடுப்பாரு."

வக்கீல் நல்ல மனிதர். மனைவியை முதல் மனுதாரராகவும் கண்டக்டரை இரண்டாம் மனுதாரராகவும் போட்டு மனு எழுதினார். எழுதி முடித்ததும் கண்டக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணு மட்டும் சொல்றேன். கட்டிலைத் தொட்டுடாதீங்க. அதுதான் நமக்குச் சாட்சி" என்றார்.

அடுத்த வாரமே கோர்ட் அமீனா இரண்டு ஆட்களோடு வந்து, கட்டிலுக்கு அரக்கு முத்திரை வைத்தார். பாதி திறந்த நிலையில், சுவரிலிருந்து நீட்டிய நாக்கைப்போல நின்ற கட்டிலை, 'சம்பவம் நடந்த நிலையிலேயே' வைத்திருக்க வேண்டும் என்பது உத்தரவு. அது சரியாக மார்பு உயரத்தில் அறையைக் குறுக்கே மறித்து நின்றது. அடுப்புக்குப் போகக் குனிய வேண்டும், தண்ணீர் எடுக்கக் குனிய வேண்டும். மருத்துவமனையிலிருந்து வந்த மனைவியைப் படுக்கவைக்க, அதற்குக் கீழே இருந்த தரையைத் தவிர வேறு இடமில்லை.

"என்னங்க," என்றாள் அவள், தன்னை மடக்கிய கட்டிலின் அடிப்பாகத்தை அண்ணாந்து பார்த்தபடி. "இதை எப்போ எடுப்பாங்க?"

"வழக்கு முடிஞ்சதும்."

"வழக்கு எப்போ முடியும்?"

கண்டக்டர் அவளுக்குத் தலையணையைச் சரிசெய்தார்.

கோர்ட்டில் கம்பெனிக்காக வந்தவரைப் பெரிய வக்கீல் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அவர் எழுந்து நின்றதும் மின்விசிறிகூடச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டதுபோல இருந்தது.

"கனம் கோர்ட்டார் அவர்களே, இது சாதாரணக் கட்டில் அல்ல. காப்புரிமை பெற்ற கட்டில். காப்புரிமை விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே, 'உபயோகிப்பவருக்கு எந்த ஆபத்தும் விளைவிக்காத கண்டுபிடிப்பு' என்று என் கட்சிக்காரர் தெளிவாக எழுதியிருக்கிறார். அரசாங்கம் அதைப் பார்த்து முத்திரை வைத்திருக்கிறது. இப்போது இந்தக் கட்டில் ஆபத்தானது என்று மனுதாரர் சொன்னால், அரசாங்கம் பொய்க்கு முத்திரை வைத்தது என்று ஆகிறது. மனுதாரர் ஓர் அரசுப் பேருந்து ஊழியர். தன் அரசாங்கத்தின்மீதே அவர் குற்றம் சாட்டுகிறாரா?"

நீதிபதி கண்டக்டரைப் பார்த்தார். கண்டக்டர் இல்லையென்று அவசரமாகத் தலையாட்டினார். அவருடைய வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார்.

விளக்கம் கேட்கக் காப்புரிமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரியை வரவழைத்தார்கள். மனுவின் மீது விசாரணை ஒன்று உருப்படியாக நடந்தது என்றால் அன்றுதான். கண்டக்டரின் வக்கீல் கேட்டார்:

"இந்தக் கட்டில் ஆபத்தில்லாததுன்னு நீங்க சோதிச்சுப் பார்த்தீங்களா?"

"நாங்க எதையும் சோதிக்கிறதில்லை. இதுக்கு முன்னால யாராவது இப்படிச் செஞ்சிருக்காங்களான்னு மட்டும்தான் பார்ப்போம்."

"ஆளை உள்ள வெச்சு மடங்குற கட்டிலை இதுக்கு முன்னால யாரும் செய்யலையா?"

"இல்லை. அதனாலதான் காப்புரிமை கொடுத்தோம்."

"விண்ணப்பத்தையாவது முழுசாப் படிச்சீங்களா?"

அதிகாரியின் முகத்தில் பெருமிதம் படர்ந்தது. "முன்னெல்லாம் படிச்சுட்டுத்தான் கொடுப்போம். வருஷக்கணக்கா இழுக்கும். இப்போ சீர்திருத்தச் சட்டம் வந்திருக்கு. கொடுத்துட்டுப் படிக்கிறோம். தேக்கமே கிடையாது."

நீதிபதி அதைப் பாராட்டி ஒரு வார்த்தை சொன்னார். கோர்ட்டிலும் அப்படி ஒரு சீர்திருத்தம் வந்தால் தேவலை என்றார். எல்லாரும் சிரித்தார்கள். வாய்தா போட்டார்கள்.

வாய்தாக்களுக்கு நடுவே ஒரு மத்தியானம், சாட்சியாக நின்ற கட்டில் 'கிறீச்' என்று ஒரு சாண் கீழே இறங்கியது. மனைவியின் மூக்குக்கு நேரே. அவளால் நகர முடியாது. கண்டக்டர் வேலை முடிந்து வரும்வரை கண்ணை மூடாமல், அதைப் பார்த்துக்கொண்டே கிடந்திருக்கிறாள். அவர் வந்ததும் அழவில்லை, சத்தம் போடவில்லை. "என்னை இங்கிருந்து எடுங்க" என்று மட்டும் சொன்னாள். எடுத்து எங்கே வைப்பது? மூலையில் மிஷினுக்குப் பக்கத்தில் காலை மடக்கி உட்காரவைத்தார். இடுப்பு வலி தாங்காமல் அவளே, "மறுபடியும் அங்கேயே போட்டுடுங்க" என்றாள்.

கட்டிலை நகர்த்த அனுமதி கேட்டு மனுப் போட்டார்கள். அந்த மனு வேறு கோர்ட்டுக்குப் போனது. அங்கே நீதிபதி விடுப்பில் இருந்தார். கண்டக்டர் பொறுத்துப் பார்த்தார். பிறகு கடைக்குப் போய் ஓர் இரும்புக் கொக்கியும் நைலான் கயிறும் வாங்கிவந்து, கட்டிலை ஜன்னல் கம்பியோடு இழுத்துக் கட்டினார். அரக்கு முத்திரையில் விரல் படாமல், அதற்குப் பக்கத்தில் மூச்சுக்கூட விடாமல் கட்டினார்.

கோர்ட் நியமித்த ஆணையர் கட்டிலைப் பார்வையிட வந்த நாளில், பெரிய வக்கீலும் கூடவே வந்திருந்தார். அவர் செருப்பைக் கழற்றாமல் மனைவியின் தலையணையைத் தாண்டிப்போய், கொக்கியைப் பார்த்தார். பார்த்ததும் அவர் முகம் காதலியைக் கண்டதுபோல மலர்ந்தது.

அடுத்த விசாரணையில் அந்தக் கொக்கியைப்பற்றி மட்டும் பேசினார்.

"ஒன்று, மனுதாரர் சாட்சியத்தைக் கலைத்திருக்கிறார். இரண்டு, கட்டிலைக் கொக்கியாலும் கயிற்றாலும் நிலைநிறுத்தும் முறைக்கு என் கட்சிக்காரர் சென்ற மாதம்தான் புதிய காப்புரிமை பெற்றிருக்கிறார். அனுமதி இல்லாமல் அந்தக் கண்டுபிடிப்பை மனுதாரர் தன் வீட்டில் உபயோகித்துக்கொண்டிருக்கிறார். இது திருட்டு. மூன்று, ஒரு சாதாரணக் கயிற்றால் இந்தக் கட்டிலை ஆபத்தில்லாமல் செய்ய முடியும் என்பது மனுதாரருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்திருந்தும், சம்பவத்துக்கு முன்னால் ஏன் கட்டவில்லை? மனைவியின்மேல் அவருக்கு என்ன விரோதம்?"

கண்டக்டர் எழுந்துவிட்டார். வாழ்க்கையில் முதல்தடவையாக அவர் குரல் உயர்ந்தது.

"அய்யா, அது மேல விழுந்துடும்னு பயந்து கட்டினேன்யா. கீழ என் சம்சாரம் படுத்திருக்கா!"

"பார்த்தீர்களா," என்றார் பெரிய வக்கீல், குரலை உயர்த்தாமலே. "ஆபத்து இருப்பது தெரிந்தே அந்த இடத்தில் படுக்கவைத்திருக்கிறார்."

கயிற்றை அவிழ்க்கச் சொல்லி உத்தரவானது. அமீனா வந்து அவிழ்த்துக் கொக்கியையும் கொண்டுபோனார். போகும்போது, "பார்த்துப் படுத்துக்கோம்மா" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனார். இந்த வழக்கில் அவளிடம் நேராகப் பேசிய முதல் ஆள் அவர்தான்.

இதற்கிடையே உரையாசிரியர் அறிமுகமானார். தீர்ப்புகளுக்கு விளக்கவுரை எழுதும் சட்ட இதழ் ஒன்றை நடத்திவந்தவர் அவர். கோர்ட் வராந்தாவில் வக்கீல்கள் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எந்த விஷயத்தையும் பத்தி எண் சொல்லித்தான் பேசுவார். கண்டக்டரை டீக்கடைக்கு அழைத்துப்போய், ரொம்ப மரியாதையாக உட்காரவைத்தார்.

"உங்க வழக்கு சாதாரண வழக்கு இல்லைங்க. பொருள் தயாரிக்கிறவனோட பொறுப்பு என்னங்கிற கேள்வி, இவ்வளவு சுத்தமா இதுவரைக்கும் வந்ததே இல்லை. நான் மூணு கட்டுரை எழுதிட்டேன்."

"எங்களுக்குச் சாதகமா வருமுங்களா?"

"அது அவ்வளவு முக்கியமில்லை." அவர் தேநீரை ஆற்றிக்கொண்டார். "ஒரே ஒரு குறைதான். வீட்டம்மா பிழைச்சுக்கிட்டாங்க. இறந்திருந்தா, சேதத்தோட அளவுங்கிற பிரச்சினை குறுக்கே வராது. கொள்கை இன்னும் தெளிவா நின்னிருக்கும். தப்பா நினைச்சுக்காதீங்க, சட்டத்தோட பார்வையில சொல்றேன்."

கண்டக்டர் தப்பாக நினைத்துக்கொள்ளவில்லை. டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

தீர்ப்பு நாளில் மச்சினன் கடைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். தீர்ப்பு ஒரு தலையணை அளவுக்கு இருந்தது. நீதிபதி அதன் சாரத்தைப் படித்தார். மனைவியின் வேதனையைப்பற்றி அவர் எழுதியிருந்ததைக் கேட்டு, கண்டக்டருக்கே கண் கலங்கியது. ஓடாமல் நிற்கும் அந்தத் தையல் மிஷினைப்பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தார். பிறகு குரலை உயர்த்தி, "ஒரு பொருளால் தீங்கு விளைந்தால், அதைத் தயாரித்தவரே முழுப்பொறுப்பு. இதில் இனி ஐயத்துக்கு இடமில்லை" என்றார்.

மச்சினன் கண்டக்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "ஜெயிச்சுட்டோம் மாமா!"

"எனினும்," என்றார் நீதிபதி.

கட்டில் கம்பெனியிலிருந்து புறப்பட்டபோது ஒரு பொருளாகத்தான் இருந்தது. ஆனால் திருகாணியால் சுவரில் பொருத்திய கணத்தில், அது கட்டடத்தின் பகுதியாகிவிட்டது. கட்டடம் பொருள் ஆகாது. பொருத்தியவர் கம்பெனி ஆள்தான் என்றாலும், வேலை முடிந்ததும் காட்டிய தாளில் 'வாடிக்கையாளர் சார்பில் பொருத்தப்பட்டது' என்ற வரிக்குக் கீழே கண்டக்டர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஆகவே, மடங்கிய கட்டடப் பகுதியைத் தயாரித்தவர் இரண்டாம் மனுதாரரே. முதல் மனுதாரருக்கு நேர்ந்த தீங்குக்கு இரண்டாம் மனுதாரரே முழுப்பொறுப்பு என்று இந்தக் கோர்ட் தீர்ப்பளிக்கிறது.

வெளியே வந்ததும் வக்கீல் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சார், நாம ஜெயிச்சோமா, தோத்தோமா?" என்றார் கண்டக்டர்.

"உங்க வீட்டம்மா ஜெயிச்சுட்டாங்க. நீங்க தோத்துட்டீங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு ஆறுதலாகச் சேர்த்துக்கொண்டார்: "குடும்பத்துக்குள்ளதானே."

"கட்டிலையாவது எடுத்துடலாமுங்களா?"

எடுக்க முடியாது என்று தெரிந்தது. தீர்ப்பு கம்பெனிக்குச் சாதகம்தான். ஆனால் தீர்ப்பில் ஓரிடத்தில் 'கட்டில் மடங்கியது' என்று இருப்பது தங்கள் பெயரைக் கெடுக்கிறது, அதை 'கட்டில் இயங்கியது' என்று திருத்த வேண்டும் என்று கம்பெனி அன்றைக்கே மேல்முறையீடு செய்திருந்தது. அது முடியும்வரை முத்திரை இருக்கும். கூடவே, கட்டிலின் குணத்தைப்பற்றி மனுதாரர்கள் யாரிடமும், எந்த இடத்திலும், எந்த வகையிலும் பேசக் கூடாது என்று தடையுத்தரவும் வாங்கியிருந்தார்கள்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்ல வேண்டியிருந்தது. தரையில் அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார். அவள் கடைசிவரை கேட்டாள்.

"அப்போ என் கால் போனதுக்கு நீங்கதான் காரணம்."

"அப்படித்தான் எழுதியிருக்காங்க."

"கோர்ட்டே சொல்லிடுச்சு, நான் என்ன சொல்ல." அவள் சிரிக்கப் பார்த்தாள். பாதியில் அது வேறு ஏதோவாக மாறிவிட்டது. அவர் அவள் நெற்றியில் கைவைத்தபோது கையைத் தட்டிவிட்டாள். கொஞ்சநேரம் கழித்து அவளே அந்தக் கையைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டாள்.

தீர்ப்பைக் கொண்டாட ஒரு கருத்தரங்கம் நடந்தது. உரையாசிரியர் நேரில் வந்து அழைத்ததால் கண்டக்டர் போனார். முன்வரிசையில் உட்காரவைத்து, கையில் பூங்கொத்தைக் கொடுத்தார்கள். திரையில் அவர் வீட்டுக் கட்டிலின் படம் பெரிதாகத் தெரிந்தது. மனைவி கிடந்த இடத்தைப் புள்ளிக்கோட்டால் காட்டியிருந்தார்கள்.

உரையாசிரியர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "நண்பர்களே, பத்தி நூற்றுப் பன்னிரண்டில் நம் சட்டம் வயதுக்கு வந்திருக்கிறது. ஒரு பெண் தன் காலை இழந்தார், உண்மை. ஆனால் நம் சட்டத்துக்கு இன்று இரண்டு கால்கள் கிடைத்திருக்கின்றன. இனி எந்தத் தயாரிப்பாளரும் தப்ப முடியாது!"

கைதட்டல் அடங்கியதும் பெரிய வக்கீல் எழுந்தார். அந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியதே அவர்தான். "தயாரிப்பாளரை விடாமல் துரத்திப் பிடித்த இந்தத் தீர்ப்பை, தயாரிப்பாளர்கள் சார்பில் வரவேற்கிறேன்" என்றார். அதற்கும் கைதட்டினார்கள்.

கேள்வி நேரத்தில் கண்டக்டர் எழுந்து நின்றார். பூங்கொத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"அந்தக் கட்டிலை இன்னும் வித்துக்கிட்டுத்தான் இருக்காங்க. அதை நிறுத்தச் சொல்லி இந்தத் தீர்ப்புல எந்தப் பத்தியில இருக்குங்க?"

உரையாசிரியர் தீர்ப்பைப் புரட்டினார். பக்கத்திலிருந்தவர் புரட்டினார். ஒரு பேராசிரியர், அது அடிக்குறிப்பில் இருக்கலாம் என்றார். அடிக்குறிப்பிலும் இல்லை. கடைசியில் பெரிய வக்கீல் கனிவாகச் சொன்னார்:

"நல்ல கேள்வி. ஆனா, நீங்க பேசக் கூடாதுன்னு தடையுத்தரவு இருக்கு. உங்க நன்மைக்காகச் சொல்றேன், உட்காருங்க."

கண்டக்டர் உட்கார்ந்தார்.

மழைக்காலத்துக்கு முன்னால், அவர் போகிற தடத்தில் கம்பெனி ஒரு பெரிய கடை திறந்தது. 'நீதிமன்றமே ஆராய்ந்து தீர்ப்பளித்த ஒரே கட்டில்' என்று வாசலில் பலகை வைத்திருந்தார்கள். கடைக்கு எதிரிலேயே பேருந்து நிறுத்தம். சின்ன வீடு பார்த்துக் குடிபோகிறவர்கள், புதிதாகக் கல்யாணமானவர்கள் என்று தினமும் யாராவது அவரிடமே வந்து, "அந்தக் கட்டில் கடை ஸ்டாப் வந்தா சொல்லுங்க" என்று கேட்டார்கள். ஒருநாள் வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தி, புருஷனின் தோளில் சாய்ந்தபடி, "அதுல படுத்தா ஆடவே ஆடாதாம்" என்று சொல்லிக்கொண்டு வந்தாள். கண்டக்டர் அவர்களுக்கு எதிரில் நின்றார். வாயைத் திறந்தார். யாரிடமும், எந்த இடத்திலும், எந்த வகையிலும் என்று உத்தரவில் இருந்தது நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டார்.

நிறுத்தம் வந்தது. அவர் விசில் கொடுக்கவில்லை.

ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார். கண்டக்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். பேருந்து கடையைத் தாண்டிப் போனது. "யோவ், நிறுத்தச் சொன்னோமே, காது கேக்கலையா?" என்று புருஷன்காரன் எகிறினான். அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிட்டபோது, வயிற்றுப்பிள்ளைக்காரி அவரைத் திட்டிக்கொண்டே இறங்கினாள்.

அன்றிலிருந்து அந்த நிறுத்தத்தில் அவர் பேருந்து நிற்கவே இல்லை. புகார்மேல் புகார் போனது. டிப்போவில் விசாரணை அதிகாரி அவரை எதிரில் நிறுத்திக் கேட்டார்:

"இத்தனை வருஷ சர்வீஸ்ல ஒரு கெட்ட பேர் கிடையாது. அந்த ஒரு ஸ்டாப்ல மட்டும் என்னய்யா உங்களுக்கு?"

"சொல்லக் கூடாதுங்க."

"யார் சொன்னது?"

"கோர்ட்டு."

"என்கிட்ட சொல்லலாம்யா. நான் எழுதிக்கிறேன்."

"யார்கிட்டயும் கூடாதுங்க அய்யா."

அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, 'விளக்கம் ஏதும் தரவில்லை' என்று எழுதி, தற்காலிகப் பணிநீக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

வெளிச்சம் இருக்கும்போதே கண்டக்டர் வீடு திரும்பினார். அந்த நிறுத்தத்தில் நிற்காமல் போவதையும் பிள்ளைத்தாச்சி திட்டியதையும் அவளிடம் மட்டும் அவர் முன்பே சொல்லியிருந்தார்; அந்த நேரத்தில் அவரைப் பார்த்ததுமே மனைவிக்கு மீதியும் புரிந்துவிட்டது. குனிந்து கட்டிலுக்குக் கீழே வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். நிமிர்ந்தால் தலை இடிக்கும் என்பதால் கழுத்தை மடக்கியே உட்கார்ந்தார்.

"எல்லாரையும் தாண்டிக் கூட்டிட்டுப் போனீங்களே," என்றாள் அவள். "அடுத்த ஸ்டாப்புல இறங்கித் திரும்ப நடந்துபோய் வாங்கியிருப்பாங்க."

"வாங்கியிருப்பாங்க."

"அப்புறம் எதுக்கு?"

இதைச் சொல்லலாமா கூடாதா என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் தலைக்கு மேலே இருந்த பலகையைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

"அந்தப் பிள்ளைத்தாச்சி அவ்வளவு தூரம் நடந்தாளா?"

"திட்டிக்கிட்டே வேகமா நடந்தா."

"நடக்கட்டும்," என்றாள் மனைவி. "முடியுறவரைக்கும் நடக்கட்டும்."